பயணிகள் ஜெட்டில் அவசரச் சரக்கு அனுப்பும்போது

எட்டுப் பேர் உட்காரும் நடுத்தர பிசினஸ் ஜெட்டைச் சரக்குக்காக வாடகைக்குக் கேட்பவர்கள் முதலில் சொல்வது எடையைத்தான். "400 கிலோ, 1,500 கிலோமீட்டர், எப்போது போய்ச் சேரும்?" வாடகை விமானம் ஏற்பாடு செய்து தரும் நாங்கள் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி வேறு. ஒவ்வொரு பெட்டியும் எத்தனை செ.மீ. நீளம், அகலம், உயரம்? அடிப்பலகை, கைப்பிடி, சக்கரம் எல்லாம் சேர்த்து, டேப் வைத்து அளந்த கணக்கு வேண்டும். பழைய பட்டியலில் இருந்து எடுத்த அளவை நம்பி விமானத்தைக் கூப்பிட்டால், அது வந்து நின்று கதவைத் திறந்த பிறகுதான் பெட்டி நுழையாது என்பது தெரியவரும். அதற்குள் பெரும்பகுதிப் பணமும் நேரமும் செலவாகியிருக்கும்.

எல்லாம் கதவில் இருக்கிறது. ஹாக்கர் 800 எக்ஸ்.பி.யை எடுத்துக்கொள்வோம். கேபின் அகலம் 1.83 மீட்டர், உயரம் 1.75 மீட்டர். உள்ளே நின்று பார்த்தால் தாராளமாகத் தெரியும். வாசலோ சுமார் 1.3 மீட்டர் உயரம், அகலம் 70 செ.மீ.கூட இல்லை. ஆள் குனிந்து ஏறுவதற்காக வைத்த வழி அது. ஏறியதும் எதிரே அலமாரி. அந்தச் சின்ன இடத்தில் வலப்பக்கம் 90 டிகிரி திரும்பினால்தான் கேபினுக்குள் போகலாம். அதனால் 60 செ.மீ. அகலமுள்ள பெட்டி வாசலைத் தாண்டிவிட்டாலும், நீளம் ஒன்றரை மீட்டர் இருந்தால் திருப்பத்தில் மாட்டிக்கொள்ளும். உள்ளேயும் போகாது, அவசரமாக வெளியே இழுத்தால் கதவின் ரப்பர் சீலைக் கிழிக்கும். சீல் கிழிந்தால் கேபினில் காற்றழுத்தம் நிற்காது, அன்றைய பயணம் அத்தோடு முடிந்தது.

இதற்கு எளிமையான வழி ஒன்று உண்டு. பெட்டியின் அளவை ஆபரேட்டருக்கு, அதாவது விமானத்தை இயக்கும் நிறுவனத்துக்கு, அனுப்பி, அதே அளவில் வெற்று அட்டைப்பெட்டி ஒன்றைச் செய்து விமானத்துக்குள் நுழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஹேங்கரில் இருப்பவர்களுக்குக் கால் மணி நேர வேலை. எந்த வரைபடத்தையும்விட இதைத்தான் நாங்கள் நம்புகிறோம். வாசலின் அளவிலிருந்து இரண்டு பக்கமும் 5 செ.மீ. கழித்துக்கொள்ள வேண்டும். பெட்டியைப் பிடித்திருக்கும் விரல்களுக்கும் இடம் வேண்டுமே.

பல தடவை பொருள் சின்னது, மரப்பெட்டிதான் பெரியது. அனுப்புபவர் எழுத்தில் சம்மதித்தால் வெளிப்பெட்டியைக் கழற்றி, உள்ளிருக்கும் நுரையோடு போர்வை சுற்றி ஏற்றலாம். தயாரிப்பாளர் கொடுத்த கொள்கலனிலேயே போக வேண்டும் என்று விதி இருக்கும் பொருளுக்கு இது சரிவராது. அப்போது வேறு விமானத்தைத்தான் பார்க்க வேண்டும். பிலாட்டஸ் பி.சி.-24 ஜெட்டுக்குப் பின்பக்கம் 1.25 மீட்டர் அகலம், 1.3 மீட்டர் உயரத்தில் சரக்குக் கதவே உண்டு. பழைய ஃபால்கன் 20 ஜெட்களில் பெரிய சரக்குக் கதவு வெட்டிப் பொருத்தியவையும் இருக்கின்றன. 1973 ஏப்ரல் 17 அன்று ஃபெடரல் எக்ஸ்பிரஸ் தன் சேவையைத் தொடங்கியது அப்படி மாற்றிய 14 ஃபால்கன் 20 விமானங்களோடுதான். தூரம் 600, 700 கிலோமீட்டருக்குள் என்றால் பி.சி.-12 போன்ற டர்போபிராப் (டர்பைன் எஞ்சினால் சுழலும் காற்றாடி விமானம்) போதும். அரை மணி நேரம்தான் கூடும், கதவோ 1.35 மீட்டர் அகலம்.

கதவுச் சிக்கல் தீர்ந்த பிறகு எடை. விற்பனைத் தாளில் இருக்கும் எண்ணை வைத்து முடிவெடுக்கக் கூடாது. ஹாக்கர் 800 எக்ஸ்.பி.யின் அதிகபட்சப் புறப்பாட்டு எடை 12,701 கிலோ. எரிபொருள் இல்லாமல் விமானமும் சுமையும் சேர்ந்து தாண்டக் கூடாத எடை 8,369 கிலோ. பைலட்டுகளோடு வெறும் விமானம் 7,400 கிலோ என்றால், சுமைக்கு மிஞ்சுவது 970 கிலோ அளவுதான். தொட்டி நிறைய, அதாவது சுமார் 4,500 கிலோ எரிபொருள் ஏற்றினால் அது 800 கிலோ அளவுக்கு வந்துவிடும். வெறும் எடை ஒவ்வொரு விமானத்துக்கும் மாறும். ஆகவே அதே பதிவெண் கொண்ட விமானத்தின் எடைத்தாளைத்தான் கேட்க வேண்டும். சூடான பகல், உயரமான இடத்தில் இருக்கும் ஓடுபாதை, குட்டை ஓடுபாதை, இவற்றில் எது சேர்ந்தாலும் கணக்கை மறுபடி போட வேண்டும்.

அடுத்தது இருக்கைகள். இரண்டு மூன்று சின்னப் பெட்டிகள் என்றால் இருக்கையைக் கழற்றாமலே, ஆபரேட்டரின் கையேடு அனுமதித்தால், பெல்ட்டில் கட்டி அனுப்பலாம். அதற்கு மேல் என்றால் கழற்றத்தான் வேண்டும். உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளர் கழற்றி, பதிவேட்டில் கையெழுத்திட்டு, விமானத்தின் புதிய எடையையும் ஈர்ப்பு மையத்தையும் எழுதித் தர வேண்டும். கழற்றும் வேலை இரண்டு மணி நேரத்துக்குள் முடியலாம். நள்ளிரவில் அந்தப் பொறியாளரை வரவழைப்பதுதான் தாமதம். ஆகவே விலைப்புள்ளி கேட்கும்போதே "இருக்கை கழற்றிய நிலையில்" என்று எழுதிக் கேளுங்கள். கழற்றிய இருக்கைகள் எங்கே இருக்கும், திரும்பப் பொருத்தும் செலவு யாருடையது என்பதும் அந்தத் தாளிலேயே வர வேண்டும்.

பயணிகளை மட்டுமே ஏற்றும் நிறுவனங்கள் பலவற்றின் செயல்பாட்டு அனுமதியில் கேபின் சரக்குக்கு இடமே இருக்காது. விமானம் காலியாக நிற்கிறது என்பதற்காக அது சரக்கு ஏற்றத் தகுதி பெற்றுவிடாது. அனுமதி, கட்டும் முறைக்கான ஒப்புதல், சரக்குக்கான காப்பீடு ஆகிய மூன்றின் நகலும் ஒப்பந்தத்துக்கு முன்பே கைக்கு வர வேண்டும்.

கட்டும் வேலையைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். தவறு அதிகம் நடப்பது இங்கேதான், அதன் விலை உயிர். பெரிய ஜெட்களின் வடிவமைப்பு விதிப்படி, அவசரத் தரையிறக்கத்தில் கேபினில் இருக்கும் பொருள் முன்னோக்கித் தன் எடையைப்போல் 9 மடங்கு விசையையும், மேல்நோக்கி 3 மடங்கையும் தாங்கி நிற்க வேண்டும். 120 கிலோ பெட்டி முன்னால் 1,080 கிலோவாக இழுக்கும். அதற்கு முன்னால் இருப்பது இரண்டு பைலட்டுகளின் முதுகு. நைலான் பட்டையில் 2,000 கிலோ என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்துத் திருப்தி அடையக் கூடாது. பட்டை கோத்திருக்கும் வளையம், அந்த வளையம் உட்கார்ந்திருக்கும், தரையில் இருக்கைகளைப் பொருத்தும் தண்டவாளம், இவற்றில் எது பலவீனமோ அதுதான் உங்கள் உண்மையான எண். பட்டை தரையிலிருந்து 45 டிகிரியில் சாய்ந்திருந்தால் முன்னோக்கிக் கிடைக்கும் பிடிப்பு சுமார் 70 விழுக்காடுதான். பெட்டிக்கு மேலே குறுக்காக மட்டும் போட்ட பட்டை முன்னால் நகர்வதை ஏறக்குறைய தடுக்கவே தடுக்காது. பின்னோக்கி இழுக்கும் பட்டைகள் தனியாக வேண்டும். வளையத்தைத் தண்டவாளத்தில் மாட்டியதும் அது தன் குழியில் பூட்டிக்கொண்டதா என்று கையால் மேலே இழுத்துப் பாருங்கள். அரைகுறையாக மாட்டிய வளையம் கண்ணுக்குச் சரியாகவே தெரியும்.

கனமான சின்னப் பொருள் தரைக்கு ஆபத்து. மருத்துவக் கதிரியக்கப் பொருளின் ஈயக் கவசம் ஒரு பானை அளவே இருக்கும், தூக்கினால் 30 கிலோ. நான்கு சக்கரத்தில் நிற்கும் இயந்திரத்தின் முழு எடையும் நான்கு புள்ளிகளில் இறங்கும். ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிலோ என்ற வரம்பு கையேட்டில் இருக்கும். அதைப் பார்த்து, ஒட்டுப்பலகை விரித்து எடையைப் பரப்ப வேண்டும். அந்தப் பலகையின் எடையும் சுமைக் கணக்கில் சேரும். பெட்டிகளைப் பிளாஸ்டிக் தாளால் போர்த்தினால், கேபின் காற்று வெளியேறும் துவாரங்களைத் தாள் மூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெளியேறும் வழி ஒன்றாவது பைலட்டுகளுக்குத் தடையின்றி இருக்க வேண்டும், தீயணைப்புக் கருவியோடு சரக்கின் எல்லாப் பக்கத்தையும் எட்டவும் முடிய வேண்டும். கூரை வரை அடைத்துவிட்டால் புகை வரும்போது போக்கிடம் இல்லை.

ஏற்றும் வரிசையும் முக்கியம். எஞ்சின்கள் வாலருகே இருக்கும் ஜெட்டில் பின்புறத்தை முதலில் நிரப்பினால் மூக்கு தூக்கிக்கொள்ளும் அபாயம் உண்டு. எந்த வரிசையில் ஏற்றுவது, வால் தாங்கி வைக்க வேண்டுமா என்பதை எடைக் கணக்குப் போட்ட பைலட்டிடம் கேட்டு, இறக்கும்போது அதையே தலைகீழாகச் செய்யுங்கள். ஃபோர்க்லிஃப்ட் இங்கே உதவாது, படி வழியாகக் கைகளால்தான். கதவோடு சேர்ந்த படிக்கு எடை வரம்பு உண்டு. பெட்டியோடு இரண்டு பேர் ஒரே நேரத்தில் நின்றால் அது எளிதாகத் தாண்டிவிடும். துண்டு ஒன்றுக்கு 40 கிலோவுக்குள் பிரித்துக் கட்டச் சொல்லி அனுப்புபவரிடம் முன்பே கேட்பது நல்லது. நான்கு ஆட்கள், கதவுச் சட்டத்துக்குக் கனத்த போர்வை, தரைக்குப் பலகை. இவை இருந்தால் 500 கிலோவை முக்கால் மணியில் ஏற்றலாம்.

ஆபத்தான பொருள் என்ற கேள்விக்கு "இல்லை" என்ற பதிலை அப்படியே ஏற்க வேண்டாம். கார் உதிரிபாகம் என்று எழுதிய பெட்டியில் ஏர்பேக் இருக்கலாம், அதில் வெடிபொருள் உண்டு. ஷாக் அப்சார்பரில் அழுத்த வாயு. விமான உதிரிபாகம் என்றால் இன்னும் கவனம். எரிபொருள் பம்புக்குள் மிச்ச எரிபொருள், அவசரச் சறுக்கு, தீயணைப்புக் குப்பி, ரசாயன ஆக்சிஜன் ஜெனரேட்டர். 1996 மே 11 அன்று வேல்யூஜெட் 592 விமானம் விழுந்ததற்குக் காரணம், சரக்கறையில் ஏற்றப்பட்ட அந்த ஆக்சிஜன் ஜெனரேட்டர்கள்தான். காலாவதியானவை "காலி" என்று தாளில் எழுதப்பட்டிருந்தன. தனியாக அனுப்பும் லித்தியம் அயான் பேட்டரி (ஆபத்தான பொருள்களுக்கான ஐ.நா. எண் யு.என். 3480) பயணிகள் விமானத்தில் சரக்காகப் போகக் கூடாது என்ற தடை 2016 ஏப்ரல் 1 முதல் இருக்கிறது. சரக்கு விமானத்தில் 30 விழுக்காட்டுக்கு மேல் சார்ஜ் இல்லாமல் போகலாம். சரக்கு மட்டும் ஏற்றும் ஜெட்டுக்கும் அந்த வழி திறக்கும், ஆனால் ஆபரேட்டருக்கு ஆபத்தான சரக்குக்கான தனி அனுமதி இருந்தால்தான். உலர் பனிக்கட்டி கேபினில் கரியமில வாயுவை விடும். சின்னக் கேபினில் எத்தனை கிலோ என்பதை ஆபரேட்டர்தான் சொல்ல வேண்டும், பைலட்டுகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

வானத்தில் எடுக்கும் நேரம் கணக்குக்கு அடங்கும். 1,500 கிலோமீட்டருக்கு ஏறி இறங்குவதோடு இரண்டு மணி நேரத்தைச் சற்றுத் தாண்டும். மிச்சம் எல்லாம் தரையில்தான் போகிறது. பைலட்டுகளை அழைக்க ஒன்றரை மணி, விமானம் காலியாக உங்கள் ஊருக்கு வர ஒரு மணி, பாதுகாப்புச் சோதனை, கஸ்டம்ஸ், ஏற்றம். எட்டு மணி நேரம் இயல்பு. ஃப்ளூரின்-18 போன்ற கதிரியக்கப் பொருளின் அரையாயுள் 110 நிமிடம். தரையில் 220 நிமிடம் கிடந்தால் கால் பங்குதான் மிஞ்சும். அப்படிப்பட்ட பொருளுக்கு விமானத்தின் வேகத்தைவிட, காகிதம் முன்பே தயாராக இருப்பதுதான் பெரிய உதவி.

நாடு விட்டு நாடு போகும்போது அதிகமாகச் சறுக்குவது, இறங்கும் ஊரில் கஸ்டம்ஸ் முகவருக்கான அதிகாரக் கடிதம். சரக்கு வந்துவிடும், அதைப் பெறுபவரின் சார்பில் கையெழுத்திட ஆள் இருக்காது. விமானம் புறப்படும் முன்பே அந்தக் கடிதமும், பில், பெட்டிப் பட்டியல், ஏர்வே பில் (விமானச் சரக்குச் சீட்டு) ஆகியவற்றின் நகல்களும் முகவர் கையில் இருக்க வேண்டும். பெட்டிகளின் எண்ணிக்கை எல்லாத் தாளிலும் ஒன்றாக இருக்கட்டும். மரப்பெட்டியைக் கழற்றி இரண்டாகப் பிரித்துவிட்டு, தாளில் ஒன்று என்றே விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. விமான உதிரிபாகம் என்றால் தகுதிச் சான்றின் மூலப் பிரதி பெட்டியோடு போக வேண்டும். அதன் வரிசை எண்ணைப் பொருளில் பொறித்த எண்ணோடு ஒப்பிட்டுப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சான்று இல்லாத பாகத்தை அங்கே யாரும் பொருத்த மாட்டார்கள். பறக்கும் வழியில் உள்ள நாடுகளின் அனுமதி பதிவெண்ணோடு கட்டப்பட்டது. கடைசி நேரத்தில் ஆபரேட்டர் வேறு விமானத்தை மாற்றினால் அனுமதியையும் புதிதாக வாங்க வேண்டியிருக்கும்.

விலைப்புள்ளியில் பார்க்க வேண்டியவை: காலியாக வருவதும் திரும்புவதும் சேர்ந்த தொகையா, இரவில் நிலையத்தைத் திறக்கும் கட்டணம் உண்டா, காத்திருந்தால் மணிக்கு எவ்வளவு, பைலட்டுகளின் பணி நேரம் எப்போது முடிகிறது. அமெரிக்க விதிப்படி இயங்கும் சார்ட்டரில் (வாடகைப் பயணத்தில்) இரண்டு பைலட்டுகள் வழக்கமாக 14 மணி நேரப் பணிக்குள், 10 மணி நேரம்தான் பறக்கலாம். சரக்கு மூன்று மணி தாமதமாக வந்தால் அவர்கள் ஓய்வுக்குப் போய்விடுவார்கள், மறுநாள்தான் பயணம். காப்பீட்டையும் தனியாக எடுங்கள். மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி விமான நிறுவனத்தின் பொறுப்பு, 2024 டிசம்பர் 28 முதல், கிலோவுக்கு 26 எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு) வரைதான். 5 கிலோ சென்சார் தொலைந்தால் 130 எஸ்.டி.ஆர்., அதன் விலை எத்தனை ஆயிரமாக இருந்தாலும்.

இறக்கியதும் பெறுபவரின் கையெழுத்து, நேரம், பெட்டிகளின் படம் மூன்றையும் வாங்கிக்கொண்டு, காலிக் கேபினை ஒரு முறை நடந்து பாருங்கள். தரையில் கீறல், சுவர்ப் பலகையில் உரசல், கசிந்த எண்ணெய் ஏதாவது இருந்தால் பைலட் முன்னிலையிலேயே படமெடுத்து இருவரும் கையெழுத்திடுங்கள். ஏற்றும் முன் எடுத்த அதே கோணப் படங்கள் இருந்தால், பில்லில் வந்து சேரும் கேபின் சேதக் கணக்கை அவற்றோடு ஒப்பிட்டுப் பேசலாம்.