ஈர நாளில் மட்டும் மிஸ் அடித்த மூன்றாவது சிலிண்டர்

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் 1990ஆம் ஆண்டு யூனோஸ் ரோட்ஸ்டர், பிற நாடுகளில் மஸ்தா எம்எக்ஸ்-5 என்று அறியப்படும் அந்தச் சிறிய கார், மாமாவிடமிருந்து என் கைக்கு வந்தபோதே ஐட்லிங்கில், அதாவது கார் நிற்க எஞ்சின் மெதுவாக ஓடும்போது, குலுங்கிக்கொண்டிருந்தது. சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங் நடுங்கும். மழை நாளில் காலி நகருக்குப் போகும் காலி வீதியில் வேகம் எடுக்க முயன்றால் எஞ்சின் மிஸ் அடித்து, அதாவது சிலிண்டரில் பெற்றோல் எரியாமல் போய், திணறும். இவை இரண்டும் ஒரே கோளாறிலிருந்து வருவன என்று நான் நம்பியதால் நான்கு மாதங்கள் வீணாயின.

முதலில் கொண்டுபோன கராஜில் தீப்பொறி தரும் நான்கு பிளக்குகளையும் மாற்றி, ஐட்லிங் திருகைத் திருகி 1,100 சுற்றில் விட்டார்கள். நடுக்கம் குறைந்தது, காரணம் இருந்த இடத்திலேயே இருந்தது. இந்த 1.6 லீற்றர் எஞ்சினுக்குரிய ஐட்லிங் வேகம் நிமிடத்துக்கு 850 சுற்று. ஒக்டேன் 95 பெற்றோலுக்கு மாறியதும் வீண்செலவாகவே முடிந்தது. ஒக்டேன் எண் எஞ்சின் தட்டுவதைத் தடுக்கும், மிஸ் அடிப்பதைத் தீர்க்காது.

பிறகு, தெமட்டகொடையில் பல ஆண்டுகளாகப் பழைய ஜப்பான் கார்களைப் பழுதுபார்த்துவரும் ஒரு அண்ணனிடம் போனேன். "தம்பி, சாமான் வாங்க முதல் சைலன்சர் வாயில கையை வைச்சுப் பாருங்கோ. கணக்கா விட்டு விட்டு அடிச்சா ஏதோ ஒரு சிலிண்டர். கண்டபடி தடுமாறினா காத்து" என்றார். தாளத்தில் ஒரே அடி திரும்பத் திரும்ப விழாமல் போவதற்கும், தாளமே குழம்புவதற்கும் உள்ள வேறுபாடுதான் அது. என் உள்ளங்கையில் பட்டது குழப்பம்.

இந்தக் காரின் கணினி பழைய தலைமுறையைச் சேர்ந்தது. எந்தச் சிலிண்டர் மிஸ் ஆகிறது என்று அது சொல்லாது. ஆகவே எஞ்சின் ஓடும்போதே, பெற்றோலைப் பீச்சும் இஞ்செக்டர்களின் இணைப்பை ஒவ்வொன்றாகக் கழற்றி, சுற்று எவ்வளவு விழுகிறது என்று பார்த்தோம். பிளக் வயரை இழுத்துப் பார்ப்பதைவிட இதுவே நல்லது, ஏனெனில் எரியாத பெற்றோல், புகையைச் சுத்திகரிக்கும் கற்றலிக் கொன்வேர்ட்டருக்குள் போவதில்லை, தீப்பொறிக்கு மின்னழுத்தம் கொடுக்கும் கொயிலும் வதைபடுவதில்லை. ஐட்லிங்கைச் சீர்செய்யும் வால்வின் இணைப்பையும் கழற்றி வைக்க வேண்டும். இல்லையேல் விழுந்த சுற்றைக் கணினி உடனே தூக்கிவிட்டு நம்மை ஏமாற்றும். நான்கு சிலிண்டர்களிலும் ஏறக்குறைய ஒரே அளவு வீழ்ச்சி தெரிந்தது. சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படும் அளவான கொம்ப்ரெஷனும் நான்கிலும் நெருங்கியே இருந்தது. எனவே கோளாறு நான்குக்கும் பொதுவான இடத்தில் இருக்க வேண்டும்.

எஞ்சினுக்குள் போகும் காற்றை இந்தக் கார் ஒரு மடல் கதவால் அளக்கிறது. அந்தக் கதவைத் தாண்டிய பின் எங்காவது வெடிப்பு இருந்தால் அளக்கப்படாத காற்று நுழையும். கணினிக்கு அது தெரியாததால் பெற்றோல் போதாமல் போகும். ஐட்லிங்கில் உள்ளே போகும் மொத்தக் காற்றே குறைவு என்பதால் சிறிய வெடிப்பும் பெரிதாகத் தெரியும். வேகம் எடுத்தால் மறைந்துவிடும். ஒயில் மூடியைத் திறந்து பார்த்தோம். அதன் வழியாகவும் அளக்கப்படாத காற்று நுழையும் என்பதால் நல்ல நிலையில் உள்ள எஞ்சின் அப்போது தெளிவாகத் தடுமாற வேண்டும், என்னுடையதில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. காற்றுக் குழாயின் மடிப்புகளை விரித்துப் பார்த்தபோது, அடிப்பக்கத்தில் விரல் நீளத்துக்கு ஒரு கிழிசல் இருந்தது. கார் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் குழாய் கிடைத்தது. ஐட்லிங் திருகை உரிய முறையில் திரும்ப அமைத்தோம். 850இல் ஊசி அசையாமல் நின்றது.

இரண்டு வாரம் கழித்து மழை பெய்தது. காலி வீதியில் மறுபடியும் அதே மிஸ்.

அன்று நான் செய்த சரியான காரியம், கார் காயும்வரை காத்திராமல், மழை விட்டதும் போனட்டைத் திறந்து அதே இஞ்செக்டர் சோதனையைத் திரும்பச் செய்ததுதான். காய்ந்த காலையில் எடுத்த முடிவு நனைந்த மாலைக்குச் செல்லாது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. மூன்றாவது இஞ்செக்டரைக் கழற்றியபோது எந்த மாற்றமும் இல்லை.

இந்த எஞ்சினில் ஒரு கொயில் முதலாம், நான்காம் சிலிண்டர்களுக்கும், மற்றது இரண்டாம், மூன்றாம் சிலிண்டர்களுக்கும் சேர்த்துத் தீப்பொறி கொடுக்கிறது. கொயில் செத்திருந்தால் இரண்டாவது சிலிண்டரும் சேர்ந்து விழுந்திருக்கும். அது நன்றாகவே ஓடியதால், விலை கூடிய கொயிலைச் சந்தேகிக்க வேண்டியிருக்கவில்லை. வயர், பிளக், இஞ்செக்டர் ஆகிய மூன்றே மிஞ்சின. வயரை உருவினால் அதன் ரப்பர் நுனி ஒயிலில் ஊறியிருந்தது. எஞ்சினின் மேல்மூடியை அடைக்கும் டப்பட் கவர் காஸ்கட் கசிந்து பிளக் குழிக்குள் ஒயில் தேங்கியிருந்தது. புதிய பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் மேலிருந்து கீழாகப் பென்சிலால் கீறியதுபோல் ஒரு மெல்லிய கரிக்கோடு.

அந்தக் கோடுதான் தீப்பொறி தப்பிய வழி. அக்சிலரேட்டரை அழுத்தும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுவதால், பிளக்கின் இடைவெளியைத் தாண்ட அதிக மின்னழுத்தம் தேவைப்படுகிறது. ஈரம் பட்ட கரிக்கோடு அதைவிட இலகுவான பாதையாகிவிட, தீப்பொறி வெளிப்புறமாக இறங்கி எஞ்சின் உலோகத்தைச் சேர்ந்துவிடுகிறது. பிளக்கை மட்டும் மாற்றினால் பயன் நிலைக்காது. ரப்பரின் உட்புறத்திலும் அதே தடம் இருக்கும், அது புதிய பிளக்கிலும் கோட்டைக் கீறிவிடும். முதல் கராஜில் போட்ட பிளக் இவ்வளவு விரைவில் கெட்டதற்கு வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. ஆகவே காஸ்கட், நான்கு வயர்கள், அந்த ஒரு பிளக் ஆகியவற்றைச் சேர்த்தே மாற்றினோம்.

நேற்று மாலை கொட்டும் மழையில் பம்பலப்பிட்டியிலிருந்து தெஹிவளை வரை ஓட்டிப் பார்த்தேன். மூன்றாம் கியரில் முழுதாக அழுத்தியும் ஒரு மிஸ்கூட இல்லை. எஞ்சினின் பின்பக்கத்தில், கேம் தண்டின் நிலையைக் கணினிக்குச் சொல்லும் கேம் அங்கிள் சென்சரின் ரப்பர் வளையத்திலிருந்து கொஞ்சம் ஒயில் கசிந்து கீழேயுள்ள ஹீட்டர் குழாயில் சொட்டுகிறது. அதை வருகிற சனிக்கிழமை மாற்றப்போகிறேன்.