கார் மேப் அப்டேட்: கார்டு, களிம்பு, இலங்கை டவர்

என் வண்டி 2016 மாடல், மதுரையில் செகண்ட் ஹேண்டில் எடுத்தது. டேஷ்போர்டிலேயே நேவிகேஷனோடு வந்த டாப் வேரியன்ட். மேப் முழுவதும் ஒரு எஸ்டி கார்டில் இருக்கிறது, அந்தக் கார்டைப் பொறுத்தவரை 2016-க்கு அப்புறம் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு சட்டி ஜல்லிகூடக் கொட்டப்படவில்லை. தனுஷ்கோடிப் பக்கம் போனால் முகுந்தராயர் சத்திரத்தோடு ரோடு முடிந்துவிடும். அங்கிருந்து அரிச்சல்முனை வரைக்குமான தார் ரோட்டைத் திறந்தது 2017 ஜூலையில். அதற்கு முன் மணலில் வேன் பிடித்துத்தான் போக வேண்டும் என்பதால் மேப்பிலும் வெறும் மணல்தான். நாம் ஜம்மென்று ரோட்டில் போய்க்கொண்டிருப்போம், திரையில் அம்புக்குறி நீலத்துக்குள் நீந்தும், ஒரு நேரம் ஆண்கடலில் (தெற்கே மன்னார் வளைகுடா), ஒரு நேரம் பெண்கடலில் (வடக்கே பாக் நீரிணை). பேக்கரும்பில் கலாம் நினைவிடம் கிடையாது, அதுவும் அதே 2017 ஜூலைதானே. மதுரை ரோட்டுக்கு இன்னமும் தேசிய நெடுஞ்சாலை 49 என்றே நம்பர், 87 ஆகி எத்தனையோ வருஷம் ஆயிற்று. பரமக்குடி வரைக்குமான நான்கு வழிச்சாலையில் ஏறினால் பல இடத்தில் வயலை உழுதுகொண்டு போவதாகக் காட்டும்.

இதைச் சொன்னதும் எல்லோரும் கேட்பது, கையில் போன் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று. நியாயமான கேள்விதான், மதுரையில் இருப்பவர்களுக்கு. எனக்குத் தொழில் காய்ந்த கடல்பாசி வாங்கி அனுப்புவது. முனைக்காடு, வேதாளை, பாம்பன், ஓலைக்குடா, சம்பை, மாங்காடு, அந்தப் பக்கம் தொண்டி, எஸ்.பி.பட்டினம் என்று கரையை ஒட்டியே சுற்றுகிறவன். ராமேஸ்வரம் தீவுக்குள் கிழக்கே நகர நகரப் போன் இலங்கை டவரைப் பிடித்துக்கொள்ளும். அரிச்சல்முனையிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்தான், நடுவில் மறைக்க மலையா மரமா, வெறும் தண்ணீர். நம்மூர் டவர் பலவீனமாக இருக்கிற இடத்தில் நின்றால் 'இலங்கைக்கு வரவேற்கிறோம்' என்று எஸ்எம்எஸ் வரும். ரோமிங் இல்லாத சிம்மில் டேட்டா செத்துப்போகும், ரோமிங் இருக்கிற சிம்மில் பில் நம்மைச் சாகடிக்கும். செட்டிங்ஸில் நெட்வொர்க்கை ஆட்டோமேட்டிக்கிலிருந்து மேனுவலுக்கு மாற்றி நம் கம்பெனியை மட்டும் தேர்ந்தெடுத்து, டேட்டா ரோமிங்கையும் நிறுத்தி வைத்தால் இது தீரும். ஆனால் டவர் இல்லாத இடத்தில் டவர் வந்துவிடாது. அப்புறம் சித்திரை வெயிலில் கண்ணாடியில் ஒட்டி வைத்த போன் கொதித்துத் தானாக மங்கிக்கொள்வதை இந்தப் பக்கம் ஓட்டுகிற யாரும் பார்த்திருப்பார்கள்.

சரி, வண்டியில் இருப்பதையே ஒழுங்கு பண்ணலாம் என்று இறங்கினேன்.

முதலில் போனது சர்வீஸ் சென்டர், எது என்று சொல்லப்போவதில்லை. ஒரு அட்வைசர் "இந்த மாடலுக்கு சப்போர்ட் நிறுத்திட்டாங்க சார்" என்றார். பக்கத்து மேசைக்காரர் "இல்ல சார், கார்டு ஆர்டர் போடலாம், சேசிஸ் நம்பர் கொடுத்துட்டுப் போங்க" என்றார். கொடுத்துவிட்டு வந்தேன், போன் எடுப்பதற்கே ஆள் இல்லை. இன்னொரு பக்கம் கார் ஆக்சசரீஸ் கடையில் டேஷ்போர்டில் இருக்கிற இந்த நேவிகேஷன் பெட்டியையே கழற்றிக் கடாசிவிட்டு ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ போடச் சொன்னார்கள். அதைக் கொஞ்சம் தீவிரமாகவே யோசித்தேன். விசாரித்தபோதுதான் தெரிந்தது, ஸ்டீரியோ விலை ஒன்று, அதை உட்கார வைக்கிற ஃப்ரேம் ஒன்று, ஸ்டியரிங்கில் இருக்கிற பட்டன்கள் வேலை செய்ய கேன்பஸ் டிகோடர் ஒன்று, பழைய ரிவர்ஸ் கேமரா அதில் சேராவிட்டால் புதுக் கேமரா ஒன்று. இத்தனைக்கும் பிறகு அதுவும் நெட்டுக்காக என் போனின் ஹாட்ஸ்பாட்டைத்தான் கேட்கும். சுற்றி வந்து அதே இலங்கை டவர். ஆஃப்லைன் மேப் இறக்கிக்கொள்ளலாம் என்பது உண்மை, ஆனால் அதைப் போனிலேயே செய்துகொள்ளலாமே.

நண்பர் ஒருவர் தன் வண்டிக் கார்டை காப்பி பண்ணிக்கொள்ளச் சொன்னார். அது நடக்காது. இந்த வகைக் கார்டுகள் பலவற்றில், கார்டு தயாரிக்கும்போதே உள்ளே பதிகிற அடையாள எண்ணோடு லைசென்ஸைக் கட்டிவிடுகிறார்கள். ஃபைல்களை அப்படியே வேறு கார்டில் போட்டால் பெட்டி ஏற்றுக்கொள்ளாது. சந்தையில் 'லேட்டஸ்ட் மேப்' என்று மலிவாக விற்கிற கார்டுகளில் கை வைக்காததற்கு இதுவே காரணம்.

கடைசியில் வழி கிடைத்தது மேப் கம்பெனியின் தளத்தில். வண்டியின் திரையில் செட்டிங்ஸுக்குள் 'அபவுட்' என்ற இடத்தில் டிவைஸ் ஐடியும் இப்போதைய மேப் வெர்ஷனும் இருக்கும், இரண்டையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பதிவு செய்து ஐடியைக் கொடுத்தால் இந்த வண்டிக்கு அப்டேட் உண்டா, காசா இலவசமா என்று அதுவே சொல்லும். எனக்குக் காசு, ஆனால் ஸ்டீரியோ மாற்றுகிற செலவோடு ஒப்பிட்டால் கால் பங்குகூட இல்லை. 'சப்போர்ட் நிறுத்திட்டாங்க' என்று அந்த மனிதர் எதை வைத்துச் சொன்னார் என்பது அவருக்கே வெளிச்சம்.

இறக்குவதற்கு முன் வண்டியில் சேமித்து வைத்த இடங்களை எல்லாம் தாளில் எழுதிக்கொண்டேன், அப்டேட்டில் அவை போய்விடலாம். போகத்தான் செய்தன. கார்டை இன்ஜின் ஆஃப் செய்த பிறகுதான் உருவ வேண்டும். கார்டின் இடது ஓரத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு சின்ன நகர்த்தி இருக்கும், அது கீழே 'லாக்' பக்கம் இருந்தால் லேப்டாப்பால் எதையும் எழுத முடியாது, மேலே தள்ளிவிட வேண்டும். அடுத்தது முக்கியம்: கார்டிலிருந்து எல்லாவற்றையும் முதலில் லேப்டாப்பில் ஒரு ஃபோல்டரில் எடுத்து வையுங்கள். 'ஃபார்மேட் செய்யவா' என்று விண்டோஸ் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள், லைசென்ஸ் ஃபைல் அதிலேயே இருக்கிறது. வேறு வழியில்லாமல் ஃபார்மேட் செய்ய நேர்ந்தாலும் பழைய பெட்டிகளுக்கு ஃபேட் 32 முறைதான் புரியும், எக்ஸ்ஃபேட் கொடுத்தால் கார்டே இல்லை என்று சாதிக்கும்.

இறக்கிய அப்டேட்டைக் கார்டில் ஏற்றிக்கொண்டு வண்டிக்கு வந்தபின் முதலில் பெட்டியின் சாஃப்ட்வேர், அதற்கப்புறம்தான் மேப். இந்த வரிசையை மாற்றினால் புது மேப்பைப் பழைய சாஃப்ட்வேருக்குப் படிக்கத் தெரியாது. சாஃப்ட்வேர் எழுதிக்கொண்டிருக்கும்போது பேட்டரி இறங்கினால் பெட்டியே பிணமாகிவிடும் என்பதால் இன்ஜினை ஓடவிட்டு, ஏசியையும் லைட்டையும் அணைத்து, வேப்பமரத்தடியில் கதவைத் திறந்து போட்டு உட்கார்ந்திருந்தேன். சதவீதம் நடுவில் ஒரு இடத்தில் நின்றுவிடும், பயப்படாதீர்கள், சாவியைத் தொடாதீர்கள். அது பாட்டுக்கு இரண்டு தடவை அணைந்து எழும்.

எழுந்தது. அரிச்சல்முனை ரோடு வந்துவிட்டது, நினைவிடம் வந்துவிட்டது, 87 வந்துவிட்டது. ஆனால் அம்புக்குறி அப்படியேதான் தள்ளாடியது. பாம்பன் ரோட்டுப் பாலத்தில் போனால் பக்கத்து ரயில் பாலத்துக்குத் தாவும், மண்டபத்தில் நின்றால் கடற்கரையில் காட்டும், சில நேரம் சிக்னலே இல்லை என்று கையை விரித்துவிடும். புது மேப் போட்டும் தீரவில்லை என்றால் பெட்டி போச்சு, ஸ்டீரியோ போடு என்று மறுபடியும் அதே பாட்டு.

கீழக்கரையில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீசியன் இருக்கிறார், துபாயில் பல வருஷம் கார் ஆடியோ வேலை பார்த்துவிட்டு ஊரில் கடை போட்டவர். அந்தப் பக்கம் அண்ணனைக் காக்கா என்று கூப்பிடுவார்கள், நானும் அவரை அப்படித்தான். பாசி விஷயமாக அந்தப் பக்கம் போனபோது காட்டினேன். "காக்கா, மேப்பெல்லாம் புதுசு போட்டாச்சு, அப்பவும் இப்படி" என்றேன். சிரித்தார். "தம்பி, படம் வேற, புள்ளி வேற. படம் கார்டுல இருக்கு, புள்ளி மேல இருந்து வருது. படத்தை மாத்தினா புள்ளி எப்புடி சரியாகும்?"

இதை யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால் எவ்வளவோ அலைச்சல் மிச்சம். சாட்டிலைட்டுகளிலிருந்து வருகிற சிக்னலை வைத்து ரிசீவர் இடத்தைக் கணக்குப் போடுகிறது, அதற்குக் குறைந்தது நான்கு சாட்டிலைட் வேண்டும். அந்தப் புள்ளியைத்தான் மேப்பின் மேல் வைத்து, பக்கத்தில் ரோடு இருந்தால் அதோடு ஒட்டிக் காட்டுகிறார்கள். ரோடு இல்லாததால் கடலில் காட்டுவது படத்தின் குற்றம், ரோடு இருந்தும் கடலில் காட்டுவது புள்ளியின் குற்றம். எனக்கு இரண்டும் சேர்ந்து இருந்திருக்கிறது, அதனால்தான் யாருக்கும் பிடிபடவில்லை.

காக்கா முதலில் செய்தது, சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகியிருந்த மலிவு சார்ஜரையும் டேஷ் கேமராவையும் பிடுங்கியது. தரமில்லாத இந்தச் சாமான்கள் இரைச்சலைக் கிளப்பி ஜிபிஎஸ் சிக்னலை அமுக்கிவிடுமாம். எனக்கு அதனால் மாற்றம் இல்லை. அடுத்து மெனுவுக்குள் எங்கோ நுழைந்து சாட்டிலைட் திரையைத் திறந்தார். அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. ஒவ்வொரு சாட்டிலைட்டின் சிக்னலுக்கும் ஒன்றாக, திரையில் வரிசையாகக் கம்பிகள், ஒன்றிரண்டைத் தவிர எல்லாம் சாம்பல் நிறத்தில் படுத்துக் கிடந்தன. அதே இடத்தில் அவர் போனில் ஒரு செயலியைத் திறந்து காட்டினார், இருபதுக்கு மேல் சாட்டிலைட் பச்சையாக நின்றது. ஆக வானத்தில் குறையில்லை.

பெட்டியை வெளியே இழுத்தார். பின்னால் கொத்தாக ஒயர்கள், அதில் நீல நிறத்தில் சதுரமான ஒரு கனெக்டர், அதுதான் ஜிபிஎஸ் ஆன்டெனாவுடையது. அதைப் பிடுங்கி டார்ச் அடித்துக் காட்டினார். நடு ஊசியைச் சுற்றிப் பச்சைப்பசேலென்று களிம்பு, வெளி வளையத்தில் உப்பு பூத்து வெள்ளைத் துகள். விரலால் தொட்டுப் பார்த்தேன், நறநறத்தது. இந்த ஆன்டெனாவுக்கு வேண்டிய கரண்டும் அதே ஒயர் வழியாகத்தான் பெட்டியிலிருந்து போகிறது, ஆகவே களிம்பு ஏறினால் சிக்னலும் வராது, கரண்டும் சரியாகப் போகாது. "வண்டியில என்ன ஏத்துறீங்க?" என்றார். பாசி சாம்பிள் மூட்டை என்றேன். அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. உப்புக்காற்று போதாதென்று உப்போடு காய்ந்த பாசியும் உள்ளேயே வருகிறது, ஏசி ஈரம் வேறு.

கான்டாக்ட் கிளீனர் அடித்து, மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்து, காய்ந்ததும் மறுபடி அடித்து, கனெக்டரின் வெளிப்புறத்தில் ஈரம் நுழையாமல் இருக்கக் கொஞ்சம் சிலிகான் கிரீஸ் தடவி மாட்டினார். ஆன்டெனா டேஷ்போர்டு மேல்பலகைக்கு அடியில் இருக்கிறது, அதன் நேர் மேலே உலோகத் தட்டோ பித்தளைச் சாமி சிலையோ வைக்கக் கூடாது என்றும் சொன்னார். பிறகு வெட்டவெளியில் நிறுத்தி இன்ஜினை ஓடவிடச் சொன்னார். ரொம்ப நாள் சிக்னல் இல்லாமல் கிடந்த ரிசீவர், எந்தச் சாட்டிலைட் எங்கே இருக்கிறது என்ற பட்டியலை மறுபடியும் வானத்திலிருந்தே இறக்க வேண்டும், அந்த முழுப் பட்டியலும் ஒலிபரப்பாகி முடிய 12.5 நிமிடம் ஆகும். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் கம்பிகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்து பச்சையாகிக்கொண்டிருந்தன. வாங்கிய கூலி, நான் கேட்ட எந்த ஸ்டீரியோ ஃப்ரேமின் விலைக்கும் பக்கத்தில்கூட வராது.

இப்போது பாம்பன் பாலத்தில் அம்பு பாலத்திலேயே போகிறது. எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். கரையோரத்துக் குப்பத்துச் சந்துகள் புது மேப்பிலும் இல்லை, அதற்கு போனில் ஆஃப்லைன் மேப்பை வீட்டு வைஃபையில் இறக்கி வைத்துக்கொள்கிறேன். போனின் ஜிபிஎஸ்ஸுக்கு நெட் வேண்டாம், படம் இறக்கத்தான் நெட் வேண்டும் என்பதால் இலங்கை டவர் வந்தாலும் கவலையில்லை. ஊர்ப் பெயரைத் தேடுவது தனித் தலைவலி. கீழக்கரையை இங்கிலீஷில் மூன்று விதமாக எழுதுவார்கள், வண்டிக்கு அதில் ஒன்றுதான் தெரியும். நான் பாசி எடுக்கிற இடங்களுக்கெல்லாம் அட்சரேகை தீர்க்கரேகையை எண்ணாகவே போட்டு, ஆள் பெயரில் சேமித்துவிட்டேன். பரமக்குடி - ராமநாதபுரம் நான்கு வழிக்கு 2025-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்திருக்கிறது, அது முடிகிறபோது இந்த மேப்பும் பழசாகிவிடும், அப்போது மறுபடி காசு கட்ட வேண்டியதுதான்.

லேப்டாப்பில் எடுத்து வைத்த அந்தக் ஃபோல்டரை அழித்துவிடாதீர்கள். வேறு கார்டில் அது ஓடாது என்றாலும், அதே கார்டில் ஃபைல் கெட்டுப்போனால் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். அப்டேட் முடிந்ததும் புதிதாக ஒரு காப்பியும் எடுத்து வையுங்கள். அப்படியே வருஷத்துக்கு ஒரு தடவை கார்டை உருவி, அதன் தங்க நிறப் பட்டைகளையும் துடைத்துவிடுங்கள்.