குடலிறக்கத்துக்கு ஒரு புதிய முறை: வைத்தியசாலையின் அனுமதி பெற்ற அனுபவம்

இலங்கை மருத்துவ சபையின் பதிவும் விசேட நிபுணருக்கான சபைச் சான்றிதழும் ஒரு பொதுச் சத்திரசிகிச்சை நிபுணர் தமது துறையில் தகுதி பெற்றவர் என்பதை மட்டுமே உறுதிப்படுத்துகின்றன. பயிற்சி முடிந்த பின்னர் பரவலான ஒரு முறையை, அல்லது பயிற்சிக் காலத்தில் ஓரளவே பழகிய ஒரு முறையை, அவர் இன்ன வைத்தியசாலையில் தொடங்கலாமா என்ற கேள்விக்கு அவற்றில் விடை இல்லை. அதை அந்தந்த வைத்தியசாலைதான் தீர்மானிக்க வேண்டும். திருகோணமலையில் நான் மாலை வேளைகளில் பணியாற்றும் ஒரு தனியார் வைத்தியசாலையில் கவட்டுக் குடலிறக்கத்துக்கான லப்பரஸ்கோப்பி சத்திரசிகிச்சையைத் தொடங்க அனுமதி கேட்டபோது அந்தத் தீர்மானம் எப்படி எடுக்கப்பட்டது என்பதை, இதே வழியில் வரவிருக்கும் இளைய நிபுணர்களுக்காக எழுதுகிறேன்.

நான் கேட்டது ‘டெப்’ என்று நாங்கள் சுருக்கமாக அழைக்கும் முறை. சிறு துளைகள் வழியாகக் கமராவையும் கருவிகளையும் செலுத்தி, வயிற்றறைக்குள் நுழையாமலே, வயிற்றுச் சுவரின் தசைக்கும் உட்சவ்வுக்கும் இடையில் காபனீரொட்சைட்டு வாயுவால் இடமுண்டாக்கி, குடல் பிதுங்கும் இடத்தைத் தாங்கும் செயற்கை வலையைப் பதிப்பது அது. எங்களிடம் வருவோரில் கரைவலை இழுப்பவர்களும் துறைமுகத்தில் சுமை தூக்குபவர்களும் கணிசமானோர். அவர்கள் முதலில் கேட்பது வேலைக்கு எப்போது திரும்பலாம் என்பதைத்தான். அந்த வகையில் இம்முறைக்கு ஒரு நியாயம் இருந்தது.

வைத்திய அத்தியட்சகர் கொடுத்த படிவத்தின் முதற்பகுதியில் என் பெயருக்குக்கூட இடமில்லை. இந்த முறை இந்த வைத்தியசாலைக்குத் தேவையா, கவட்டைக் கீறி ஏற்கெனவே செய்யப்படும் திறந்த முறையில் என்ன குறை, சிக்கல் நேர்ந்தால் இரவில் யார் இருப்பார் என்பவையே அங்கு கேட்கப்பட்டிருந்தன. முறையை ஏற்பதும் ஆளை ஏற்பதும் வெவ்வேறு முடிவுகள் என்ற இந்தப் பிரிப்பை இங்கிலாந்தில் பயிற்சி பெற்ற காலத்தில் பார்த்திருக்கிறேன். பிரிஸ்டலில் குழந்தைகளுக்கான இருதயச் சத்திரசிகிச்சையில் நிகழ்ந்த மரணங்கள் பற்றிய விசாரணையின் அறிக்கை 2001இல் வெளியான பின்னர், அங்கு ஒரு மருத்துவர் தமக்குப் புதிதான தலையீட்டு முறையைத் தொடங்குமுன் வைத்தியசாலையின் மருத்துவ ஆளுகைக் குழுவிடம் அனுமதி பெறவேண்டும் என்று 2003இல் சுற்றறிக்கை விடுக்கப்பட்டது. எங்கள் படிவம் அதன் சாயலில்தான் இருந்தது.

தேவை பற்றிய பகுதியில்தான் விவாதம் சூடாக இருந்தது. என் விண்ணப்பத்தை ஆராய்ந்த வைத்தியசாலைக் குழுவில் இருந்த ஒருவர் அதே வைத்தியசாலையில் நெடுங்காலமாகத் திறந்த முறையில் குடலிறக்கச் சத்திரசிகிச்சை செய்து வருபவர். என் விண்ணப்பம் நிறைவேறினால் அவருடைய நோயாளிகளில் சிலர் என்னிடம் வரக்கூடும் என்பது எல்லோருக்கும் தெரியும்; ஆகவே அவர் வாக்களிக்கவில்லை, ஆனால் கருத்துச் சொல்ல அனுமதிக்கப்பட்டார். அவரை முற்றாக வெளியேற்றாதது நல்லதாகப் போயிற்று, ஏனெனில் மிகச் சிறந்த கேள்விகள் அவரிடமிருந்தே வந்தன. அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் வைத்தியசாலைகளில் நடந்து 2004இல் வெளியான ஆய்வை அவர் மேசையில் வைத்தார். அதில் இரண்டு ஆண்டுகளுக்குள் குடலிறக்கம் மீண்டும் தோன்றியோர் லப்பரஸ்கோப்பி பிரிவில் 10.1 சதவீதம், திறந்த முறைப் பிரிவில் 4.9 சதவீதம். அதே ஆய்வில் 250க்கு மேற்பட்ட லப்பரஸ்கோப்பி சத்திரசிகிச்சைகளைச் செய்திருந்தவர்களிடம் அந்த விகிதம் தெளிவாகக் குறைவாக இருந்தது என்பதை நான் சுட்டிக்காட்டினேன். “அப்படியென்றால் தம்பி, ஆய்வு உங்கள் கையைப் பற்றித்தானே கேட்கிறது?” என்றார். மறுக்க முடியவில்லை.

அந்த உரையாடலுக்குப் பின்னர், விண்ணப்பத்தை இருபுறக் குடலிறக்கத்துக்கும், முன்பு திறந்த முறையில் செய்து மீண்டும் தோன்றிய குடலிறக்கத்துக்கும் மட்டுமெனச் சுருக்கினேன். இவ்விரண்டிலும் லப்பரஸ்கோப்பி முறையின் பயன் பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஒருபுறம் மட்டும் முதன்முறையாக வரும் குடலிறக்கத்துக்குத் திறந்த முறையே தொடரும். எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்பதைவிடக் குறுகலாகக் கேட்பது விரைவில் நிறைவேறும் என்பதுடன், நோயாளிக்கும் அதுவே நேர்மையானது என்பது என் கருத்து.

என் தகுதியைப் பற்றிய பகுதிக்கு வந்தபோது, பயிற்சிப் பதிவேட்டின் மொத்த எண்ணிக்கையைக் குழு பொருட்படுத்தவில்லை. உதவியாளராக நின்றவை, மேற்பார்வையில் நானே செய்தவை, தனித்துச் செய்தவை எனப் பிரித்துக் கேட்டார்கள். கடைசியாகச் செய்தது எப்போது என்றும் கேட்டார்கள். கருவி விற்கும் நிறுவனமொன்று நடத்திய வார இறுதிப் பயிற்சியின் சான்றிதழையும் இணைத்திருந்தேன். அதைப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார்கள். விற்பவர் தரும் சான்றிதழ் கருவியை இயக்கத் தெரியும் என்பதற்கு மேல் எதையும் காட்டாது. 2018இல் வெளியான சர்வதேசக் குடலிறக்க வழிகாட்டி இம்முறையைக் கற்றுத் தேற 50 முதல் 100 வரையான சத்திரசிகிச்சைகள் தேவைப்படும் என்றும், முதல் 30 முதல் 50 வரையானவையே மிகவும் அவதானத்துக்குரியவை என்றும் கூறுகிறது. என் எண்ணிக்கை அந்த எல்லைக்குள் இருந்ததால் மேற்பார்வை இல்லாமல் அனுமதி இல்லை என்று முடிவாயிற்று.

கருவிகள், வாயு உருளை, கிருமிநீக்கம், தாதியர் பயிற்சி ஆகியவற்றில் பெரிய சிக்கல் எழவில்லை. மயக்கமருந்து நிபுணர் மட்டும் ஒரு விடயத்தில் உறுதியாக நின்றார்: திறந்த முறையை இடுப்புக்குக் கீழ் மட்டும் மரக்கச் செய்தோ, அவ்விடத்தை மட்டும் மரக்கச் செய்தோ முடிக்கலாம், இதற்குப் பெரும்பாலும் முழு மயக்கம் வேண்டும், ஆகவே இருதய, நுரையீரல் நோயுள்ள முதியவர்களை இப்பட்டியலில் சேர்க்கவேண்டாம் என்றார். அது அப்படியே நிபந்தனையாக எழுதப்பட்டது.

உண்மையான தடை மேற்பார்வையாளரைக் கண்டுபிடிப்பதில் இருந்தது. கொழும்பில் அடுத்த சத்திரசிகிச்சைக் கூடத்தில் ஒருவர் இருப்பார். இங்கே ஒருவர் தம்புள்ளை, ஹபரணை வழியாகக் கண்டியிலிருந்து வரவேண்டும், வரும் நாளுக்கு ஏற்ப நோயாளிகளைச் சேர்த்து வைக்கவேண்டும். அதைவிடக் கடினமானது அவருடைய நிலை. அவர் பார்வையாளரா, தேவைப்பட்டால் கையுறை அணிந்து சத்திரசிகிச்சையை ஏற்றுக்கொள்பவரா? முதலாவதாயின் நோயாளிக்கு அவரால் நேரடிப் பாதுகாப்பில்லை. இரண்டாவதாயின் அவருக்கும் இங்கே தற்காலிக அனுமதி தேவை, பொறுப்பும் உண்டு. குழு இரண்டாவதையே வற்புறுத்தியது. அவருக்கான கடிதம், பயணச் செலவை வைத்தியசாலையே ஏற்பது, அவருடைய அறிக்கை என் கையில் வராமல் நேரே அத்தியட்சகருக்குப் போவது ஆகிய மூன்றும் எழுத்தில் வந்த பின்னரே முதல் திகதி குறிக்கப்பட்டது. நேரே அனுப்பும் ஏற்பாட்டை மற்ற வைத்தியசாலைகளும் பின்பற்றவேண்டும் என்பேன். அறிக்கையை என்னிடம் தந்துவிட்டுப் போகும் நண்பர் எத்தனை கண்டிப்பாக எழுதுவார்?

சம்மதப் படிவத்தில், இந்த வைத்தியசாலையில் இது புதிய முறை என்பதும், முதற்கட்டத்தில் இன்னொரு நிபுணர் உடனிருப்பார் என்பதும், திறந்த முறையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டு என்பதும் தமிழிலும் சிங்களத்திலும் சேர்க்கப்பட்டன. நோயாளிகள் பயந்து விலகுவார்கள் என்று நிர்வாகம் தயங்கியது. சல்லியிலிருந்து வந்த ஒரு மீனவர் அதை வாசித்துக் கேட்டுவிட்டு, “ரெண்டு டொக்டர் நிக்கிறது நல்லதுதானே, ஐயா. காசும் ரெண்டு பேருக்கோ?” என்று மட்டும் கேட்டார். இல்லை என்றதும் கையெழுத்திட்டார்.

வழங்கப்பட்ட அனுமதி ஓராண்டுக்கானது. திறந்த முறைக்கு மாற நேர்ந்தவை, இரத்தக்கசிவு, மீண்டும் அனுமதிக்கப்பட்டவை, மூன்று மாதத்துக்குப் பின்னும் நீடிக்கும் வலி ஆகியவற்றை நான் பதிந்து கொடுக்கவேண்டும். குடலிறக்கம் மீண்டும் தோன்றுகிறதா என்பதை அறிய இரண்டு ஆண்டுகளாவது தொடர்ந்து பார்க்கவேண்டும் என்பதால் அந்தப் பட்டியல் தனியாகப் பேணப்படுகிறது. நான் செய்யும் சத்திரசிகிச்சைகளின் எண்ணிக்கை குறைந்தால் மறுபரிசீலனை என்ற விதியும் இருந்தது. அதை முதலில் காலாண்டுக்கு ஒருமுறை கணக்கிடுவதாக எழுதியிருந்தார்கள். கிழக்குக் கரையில் அது பொருந்தாது என்று விளக்கினேன்: மீனவர்கள் கடல் கொந்தளிக்கும் மாரிகாலத்தில் சத்திரசிகிச்சைக்கு வருவார்கள், தொழில் நடக்கும் மாதங்களில் வலியோடு கடலுக்குப் போவார்களே தவிர வைத்தியசாலைக்கு வரமாட்டார்கள். கணக்கு ஆண்டு முழுவதற்கும் எனத் திருத்தப்பட்டது.