சாரிடம் தோழி கேட்ட கேள்வி

1990-களின் தொடக்கத்தில் ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரில் நம்மோடு பிளஸ் டூ படித்தவர்களுக்கு விலங்கியல் சாரின் தைமஸ் பாடம் நினைவிருக்கும். தைமஸ், நெஞ்செலும்புக்குப் பின்னால் உள்ள சுரப்பி; டி செல், நோயை எதிர்க்கும் ஒரு வகை வெள்ளணு. "டி செல்லுக்கு இதுதான் பள்ளிக்கூடம். சொந்த உடம்பைத் தாக்குற செல்லெல்லாம் இங்கேயே ஃபெயில்" என்றார். உடனே ஒரு தோழி எழுந்தாள். "அப்போ எங்கம்மாவுக்கு ஏன் சார் வந்துச்சு?"

அவள் அம்மா கடல்பாசி எடுப்பவர். விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, தீவோரம் முங்கி மரிக்கொழுந்துப் பாசி பறிப்பார். முதலில் விரல் மூட்டுகள் வீங்கின. அப்புறம் மூக்கின் இருபுறமும் கன்னம் சிவந்தது. வெயிலும் உப்புத்தண்ணியும் என்றது ஊர். கால் வீங்கிய பிறகு மதுரையில் காட்டினால், லூபஸ்: உடம்பின் எதிர்ப்புச் சக்தி சொந்த உறுப்புகளையே தாக்கும் நோய். சிறுநீரகம்வரை போயிருந்தது. எங்கள் முழுப்பரீட்சைக்கு முன்பே அவர் போய்விட்டார்.

சாரிடம் பதில் இல்லை. அன்று யாரிடமும் தெளிவாக இல்லை. ஆய்வகத்தில் வேலை செய்பவனாக அதை இங்கே எழுதிவிடுகிறேன்.

தைமஸில் தப்பிவரும் செல்கள் எல்லோர் உடம்பிலும் உண்டு. அவற்றை அடக்கிவைக்கத் தனி டி செல்கள் இருக்கின்றன. பிறந்த மூன்றாம் நாள் தைமஸை எடுத்த எலிக்குட்டிகளின் உறுப்புகளை அவற்றின் சொந்த டி செல்களே தாக்கின. நல்ல எலியின் டி செல்களைச் செலுத்தினால் நோய் வரவில்லை. அடக்கும் செல்கள் எவை என்று ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி 1995-இல் காட்டினார். 2001-இல் மேரி பிரன்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெல்லும் ஃபாக்ஸ்பி3 மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். அடக்கும் செல்கள் உருவாக அதுதான் வேண்டும். அது பழுதானால் ஆண் கைக்குழந்தைக்கே சர்க்கரை நோயும் தீராத வயிற்றுப்போக்கும் வரும். மூவருக்கும் 2025-இல் மருத்துவ நோபல்.

லூபஸ் அப்படி ஒரே மரபணுவில் முடிகிற நோயல்ல. பத்தில் ஒன்பது பேர் பெண்கள். ஊர் சொன்ன வெயிலிலும் உண்மை இருந்தது: புற ஊதாக்கதிர் பட்டுத் தோல் செல்கள் சாகும்போது உள்ளே இருந்த டிஎன்ஏ வெளியே வருகிறது. அடக்கும் பிடி தளர்ந்த உடம்பு அதற்கே எதிர்ப்பொருள் செய்கிறது. இரண்டும் சேர்ந்து சிறுநீரக வடிகட்டியில் படிகின்றன.

ஊரில் நம் சங்கம் நடத்தும் முகாமில் கண்ணும் சர்க்கரையும் மட்டும் பார்க்கிறோம். மூட்டு வீக்கமோ கன்னச் சிவப்போ உள்ள பாசிக்காரப் பெண்களுக்குச் சிறுநீரில் புரதமும் ரத்தத்தில் ஏ.என்.ஏ.வும் (சொந்த செல்லின் உட்கருவுக்கு எதிரான எதிர்ப்பொருள்) பார்க்கச் சொல்லிச் செயற்குழுவுக்கு எழுதியிருக்கிறேன். வீடு வீடாகப் போய் அவர்களை அழைத்துவரும் வேலையைத் தோழி ஏற்றுக்கொண்டிருக்கிறாள்.