நிஞ்சா பில்டுகளுக்குப் பொது அறிக்கை: 247-இல் மாட்டிக்கொண்ட கதை

மூன்று வாரமாக என் அறிக்கைப் பக்கம் முழுக்கப் பச்சை. ஒரு பில்டுகூட (சோர்ஸ் கோடிலிருந்து புரோகிராமை உருவாக்கும் ஓட்டம்) தோற்கவில்லை. டெர்மினலில் என் கண்ணெதிரே எர்ரர் ஓடிக்கொண்டிருந்தபோதும் பச்சைதான்.

திட்டம் எளிதுதான். நான்கு மெஷின்களில் சிமேக் (பில்டு விதிகளை எழுதித் தரும் கருவி), நிஞ்சா (அந்த விதிப்படி கமாண்டுகளை ஓட்டும் கருவி) வழியாக ஓடும் பில்டுகளை ஒரே பக்கத்தில் பார்க்க வேண்டும்: எது எவ்வளவு நேரம் எடுத்தது, எது உடைந்தது. நிஞ்சா எழுதிவைக்கும் லாக் ஃபைலை பில்டு முடிந்ததும் படித்து சர்வருக்கு அனுப்பினேன். அந்த லாக்கில் வெற்றி பெற்ற கமாண்டுகள் மட்டும்தான் ஏறும். தோற்றவற்றுக்கு ஒரு வரிகூடக் கிடையாது. அடுத்த முறை எதை மறுபடி ஓட்டுவது என்று முடிவுசெய்ய நிஞ்சா தனக்காக வைத்திருக்கும் குறிப்பு அது. அதைத் திட்டிப் பயனில்லை.

இது புரிவதற்கு முன்பே அந்த லாக்கோடு நிறைய மல்லுக்கட்டிவிட்டேன். அதில் கமாண்டு தொடங்கிய, முடிந்த நேரமெல்லாம் பில்டு தொடங்கியதிலிருந்து மில்லிசெகண்டில் இருக்கும், அவற்றில் தேதி கிடையாது. ஒரு கமாண்டு முடிந்ததும்தான் அதன் வரி எழுதப்படுகிறது. எனவே ஒரே பில்டுக்குள் முடியும் நேரம் ஏறிக்கொண்டே போகும், இறங்கினால் அடுத்த பில்டு தொடங்கிவிட்டது என்று அர்த்தம். இந்த உபாயத்தை நினைத்து இரண்டு நாள் பெருமையில் இருந்தேன். அப்புறம் ஒரு காலையில் ஒரே பில்டு பல டஜன் பில்டாக உடைந்து நின்றது. வரிகளின் எண்ணிக்கை 100-ஐத் தாண்டி, தனித்தனி அவுட்புட்டுகளைப்போல 3 மடங்குக்கு மேல் போய்விட்டால் நிஞ்சா லாக்கைச் சுருக்கித் திரும்ப எழுதும். அப்போது வரிசை கலைந்துவிடும். போதாததற்கு, இரண்டு அவுட்புட் தரும் கமாண்டுக்கு இரண்டு வரி. நான் நேரத்தை இரண்டு முறை கூட்டிக்கொண்டிருந்தேன்.

சரி, லாக் வேண்டாம் என்று கம்பைலர் லாஞ்சருக்கு, அதாவது கம்பைலரை நேரே ஓட்டாமல் நாம் தரும் புரோகிராம் வழியாக ஓட்டும் வசதிக்கு மாறினேன். பலரும் கம்பைலர் கேஷ் மாட்டப் பயன்படுத்தும் அதே சிமேக் வசதிதான். என் சின்ன பைத்தான் ஸ்கிரிப்ட் கம்பைலரை ஓட்டி, நேரத்தையும் எக்ஸிட் கோடையும் (புரோகிராம் முடியும்போது தன் நிலையைச் சொல்லும் எண்) குறித்துக்கொள்ளும். ஒரு எச்சரிக்கை: லாஞ்சரைச் சேர்த்ததும் கமாண்டு வரி மாறிவிடுவதால் எல்லா ஃபைலும் ஒருமுறை புதிதாகக் கம்பைல் ஆகும். வேலை நாளில் செய்யாதீர்கள். நான் செய்தேன்.

இங்கேதான் 247 வந்தது. பக்கத்தில் முதன்முறையாகச் சிவப்பு வந்த மகிழ்ச்சி ஒரு பக்கம், எக்ஸிட் கோடு 247 என்ற புதிர் ஒரு பக்கம். எர்ரர் மெசேஜ் எதுவும் இல்லை. எங்கள் கம்பைலரான கிளாங்கின் ஆவணங்களில் தேடினேன், இல்லை. பெரிய டெம்ப்ளேட் ஃபைல்கள் நாலைந்து ஒரே நேரத்தில் ஓடும்போது மட்டும் வந்தது. கடைசியில் கணக்கு போட்டதும்தான் பிடிபட்டது. சிக்னலால் (ஓடும் புராசஸுக்கு ஆப்பரேட்டிங் சிஸ்டம் வழியாக வரும் எண்ணிட்ட கட்டளை) செத்த புராசஸுக்குப் பைத்தான் மைனஸ் எண்ணைத் தரும். மெமரி தீர்ந்ததால் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கெர்னல் 9-ஆம் சிக்னல் அடித்துக் கொன்றால் மைனஸ் 9. அதை நான் அப்படியே எக்ஸிட் கோடாக வெளியே தள்ளினேன். எட்டு பிட்டுக்குள் மைனஸ் 9-க்கு இடமில்லை. 256-இல் 9 போக 247. ஷெல் சொல்லும் 137-ஆக, அதாவது 128-ஓடு 9-ஆக வந்திருந்தால் பார்த்த நொடியே புரிந்திருக்கும். ஜிசிசி கம்பைலராக இருந்தால் இந்தக் கூத்தே இல்லை. அங்கே சாவது உள்ளே ஓடும் புராசஸ், மேலே இருந்து அதை ஓட்டும் டிரைவர் புரோகிராம் பிழைத்து ‘கில்டு’ என்று சொல்லிவிட்டுப் போகும்.

மைனஸ் வந்தால் குறியை நீக்கி 128-ஓடு கூட்டு என்று இரண்டு வரி சேர்த்தேன். அறிக்கையில் இப்போது ‘மெமரி போதாமல் இருக்கலாம்’ என்று தனியாக ஒரு நிறம். ஆரஞ்சு. சிவப்புக்கும் இதற்கும் வித்தியாசம் தெரிய வேண்டும், ஏனென்றால் இதற்குச் சோர்ஸ் கோடைத் திருத்திப் பயனில்லை, ஒரே நேரத்தில் ஓடும் வேலைகளைக் குறைக்க வேண்டும்.

பில்டைப் பாதியில் நிறுத்தும் கண்ட்ரோல்-சி இன்னொரு தலைவலி. ஸ்கிரிப்ட் எதையும் எழுதுமுன் செத்துவிடும், பதிவே இருக்காது. அதனால் இப்போது தொடங்கும்போதே ஒரு சின்ன ஃபைல் எழுதி, முடிந்ததும் விவரத்தை நிரப்பி ‘முடிந்தது’ என்று பெயர் மாற்றுகிறேன். பெயர் மாறாமல் கிடப்பவை பாதியில் நின்றவை. ஒவ்வொரு கம்பைலும் தனி ஃபைல் என்பதால் ஒன்றோடொன்று இடிபடாது. முதலில் எல்லாக் கம்பைலும் ஒரே எஸ்கியூலைட் டேட்டாபேஸ் ஃபைலில் எழுதும்படி விட்டு, ‘டேட்டாபேஸ் லாக்டு’ என்று வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை. சர்வருக்கு அனுப்பும் வேலை வேறொரு புராசஸுக்கு. நெட்வொர்க் போனாலும் பில்டு நிற்கக் கூடாது, இதில் மட்டும் நான் பிடிவாதம்.

எந்தக் கம்பைல் எந்த பில்டைச் சேர்ந்தது என்பது இன்னும் பாதிதான் தீர்ந்திருக்கிறது. எங்கள் பில்டு ஸ்கிரிப்ட் வழியாக ஓட்டினால் ஒரு ஐடி என்விரான்மென்ட் வேரியபிளில் வந்துவிடும். எடிட்டரிலிருந்து நேரே ஓட்டினால் வராது. பேரன்ட் புராசஸை (கம்பைலைத் தொடங்கிவைத்த புராசஸ்) பிடிக்கலாம் என்று பார்த்தால், நிஞ்சா எல்லாவற்றையும் ஷெல் வழியாக ஓட்டுகிறது. சில ஷெல்கள் தாங்கள் விலகிக் கம்பைலருக்கு இடம் விடும், சில நடுவில் உட்கார்ந்திருக்கும். அதனால் ‘நிஞ்சா’ என்ற பெயர் கிடைக்கும்வரை மேலே ஏறிப்போகிறேன். அசிங்கமான வழி, ஆனால் ஓடுகிறது. புராசஸ் எண் மறுபடி பயன்படும் என்பதால் அது தொடங்கிய நேரத்தையும் சேர்த்து ஐடியாக வைத்திருக்கிறேன்.

பைத்தான் எழுந்து நிற்கும் நேரம் ஒவ்வொரு ஃபைலுக்கும் வீணாகிறது. அந்த ஸ்கிரிப்டைச் சி மொழியில் எழுத உட்கார்ந்தவன், இடையில் பெர்ஃபெட்டோ என்ற டைம்லைன் காட்டும் கருவியில் பார்க்க டிரேஸ் ஃபைலாக மாற்றும் வேலையைத் தொட்டுவிட்டேன். அந்த ஜேஸன் வடிவத்தில் கடைசி அடைப்புக்குறி இல்லாவிட்டாலும் ஏற்றுக்கொள்கிறார்கள் என்பதால் பில்டு நடுவில் செத்தாலும் படம் திறக்கும். ஒவ்வொரு கோருக்கும் ஒரு வரிசையாகக் கம்பைல்கள் அடுக்கி நிற்பதைப் பார்த்துக்கொண்டே ஒரு மாலை போய்விட்டது. வலது ஓரத்தில் பெரிய வெற்றிடம். அங்கே லிங்க், அதாவது கம்பைல் ஆன துண்டுகளை ஒன்றாக இணைக்கும் வேலை ஓடுகிறது, நான் மாட்டியிருப்பதோ கம்பைலர் லாஞ்சர் மட்டும். லிங்கருக்கும் லாஞ்சர் சிமேக் 3.21-இலிருந்து இருக்கிறது. எங்கள் நான்கில் இரண்டு மெஷின்களில் அதைவிடப் பழையது.