130-ஆ, 140-ஆ

ஜூன் 3, செவ்வாய்

டைனோ (இன்ஜின் பவரை அளக்கிற மெஷின்) ஷெட்காரர் மறுபடியும் தள்ளிவிட்டார். இனி ஞாயிறுதானாம்.

ஜூன் 4

பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். கறுப்பு, விரலில் ஒட்டும் பிசுக்கு. சித்தப்பா போட்ட 140 மெயின் ஜெட் (கார்பரேட்டரில் பெட்ரோல் வரும் துளை, எண் கூடினால் பெட்ரோலும் கூடும்) பெரிது என்று எனக்கு ஆறு மாதமாகவே சந்தேகம். சொன்னால், "நனைஞ்ச பிஸ்டன் சாகாதுடா" என்பார். அதற்கு மேல் பேச்சு கிடையாது.

ஜூன் 5

ஆஸ்பத்திரி வார்டு. சித்தப்பாவுக்குச் சர்க்கரை 310. வீடு வந்தபோது பதினொன்றரை.

ஜூன் 6, வெள்ளி

இன்று ஒரு கூத்து. ஷெட்காரர் போனில் என்ன வண்டி என்று கேட்டார். ஆர்எக்ஸ் 135 என்றேன். பொய் இல்லை, இன்ஜின் அதுதானே. நாலு சக்கரம் என்பதை மெதுவாகச் சொன்னேன். கொஞ்ச நேரம் சிரித்தார். அவருடைய டிரம் (பின் சக்கரம் ஏறி உருட்டுகிற உருளை) பைக்குக்கு உள்ளது. ஒரு டயர் உட்காரும் அளவுதான் அகலம். எங்கள் குவாடில் (நாலு சக்கர மணல் வண்டி) பின் சக்கரம் இரண்டும் ஒரே ஆக்ஸிலில், நடுவில் மூன்றடி இடைவெளி. டிரம்முக்கு அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று என்று சும்மா தொங்கும்.

ராத்திரி மொட்டை மாடியில் படுத்துக்கொண்டு யோசித்தேன். எதிர்வீட்டுத் தம்பியின் ஆர்எக்ஸ் இன்ஜின் இல்லாமல் வெறும் சேஸியாக நிற்கிறது. நம் இன்ஜினை இறக்கி அதில் ஏற்றினால்? கார்பரேட்டர், சேம்பர் (புகைக்குழாய்), ஏர் ஃபில்டர் எல்லாம் இதிலிருந்தே போக வேண்டும். ஃபில்டரை மட்டும் மாற்றினாலும் காற்று மாறும், ஜெட் கணக்கு மொத்தமும் தப்பாகிவிடும்.

மணலி ஃபாக்டரிகளிலிருந்து அந்த வாடை இன்று ரொம்ப அதிகம். சித்தப்பா இருந்தால் காற்று எந்தப் பக்கம் என்று சொல்லியிருப்பார்.

ஜூன் 7

ஏற்றியாயிற்று. மணி 1. சேம்பர் ஃபுட்ரெஸ்டில் முட்டியது, ஃபுட்ரெஸ்டை அறுத்துவிட்டேன். தம்பி அதற்குள் தூங்கப் போயிருந்தான். காலையில் சொல்லிக்கொள்ளலாம்.

ஜூன் 8, ஞாயிறு

அம்பத்தூர் பக்கம், தகரக் கூரை, உள்ளே அடுப்பு மாதிரி. வண்டியைப் பட்டை போட்டு இறுக்கி, பிளாக்குக்கு நேராக ஒரு பெரிய ஃபேன். நாலாவது கியரில் கீழிருந்து ஒரே முறுக்கு. கனமான டிரம்மை இன்ஜின் எவ்வளவு சீக்கிரம் சுழற்றுகிறதோ, அதை வைத்து பவர் கணக்கு. பத்து நொடிகூட ஆகாது. அந்தப் பத்து நொடிக்கு என் நெஞ்சும் கூடவே கத்தியது.

முதல் ரன், 140 ஜெட்டில்: 15.2 குதிரை. கம்பெனிக் கணக்கு 14தான், அதுவும் கிராங்கில். இது செயினும் டயரும் தின்றது போக மிச்சம். சித்தப்பா நாலு ராத்திரி உட்கார்ந்து சிலிண்டர் போர்ட்டை (காற்றும் புகையும் போகும் வழி) ராவியது வீண் போகவில்லை. இதை அவரிடம் சொல்ல வேண்டும்.

135 போட்டோம்: 16.1. 130: 16.8. 125 போட்டபோது 16.7, கூடவே ஹெட்டுக்குள் சன்னமாக ஒரு டிங் டிங், பெட்ரோல் பற்றாத சத்தம். ஷெட்காரர் அந்த நொடியே கிளட்ச்சைப் பிடித்துவிட்டார். மறுபடியும் 130.

அப்புறம் ஸ்டேட்டர் பிளேட்டைத் துளி திருப்பி இக்னிஷனைப் பின்னுக்குத் தள்ளினார், தீப்பொறி கொஞ்சம் தாமதமாக விழும்படி. 17.3! நான் கத்தியே விட்டேன். அவர் கிராஃபின் இடது பக்கத்தைக் காட்டினார். நிமிஷத்துக்கு 6000 சுற்று பக்கம் கோடு தொய்ந்திருந்தது. "நம்பர் வேணுமா, ஓட்ட வேணுமா?" என்றார். மணலில் நான் கிடப்பதே அந்த 6000-இல்தான். பிளேட்டைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தோம்.

5500-இல் ஒரு பள்ளம் இருக்கிறது. எந்த ஜெட்டுக்கும் அது அசையவில்லை. அது சேம்பரின் நீளத்தில் இருக்கிற கோளாறு, வெட்டி வெல்டு வைத்தால்தான் போகும்.

டைனோவால் பவர் கூடியதா என்று தம்பி கேட்டான் (ஃபுட்ரெஸ்டைப் பற்றி இன்னும் கேட்கவில்லை). புதிதாக என்ன வந்தது? பெட்ரோலில் முங்கிக் கிடந்த ஒன்றரைக் குதிரையை வெளியே இழுத்துப் போட்டோம், அவ்வளவுதான். ஜெட் முதலிலேயே சரியாக இருந்திருந்தால் காசு கொடுத்து ஒரு தாள் வாங்கி வந்திருப்போம்.

சித்தி நாலு தடவை கூப்பிட்டிருக்கிறாள். சத்தத்தில் கேட்கவில்லை.

ஜூன் 9

ஸ்டான்லி ஆஸ்பத்திரி. கிராஃப் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். எடுக்கவில்லை. "எவ்ளோ?" என்றார் சித்தப்பா. பதினாறே முக்கால் என்றேன். "எந்த ஜெட்ல?"

"நீங்க போட்டதுலதான்."

கண்ணை மூடிக்கொண்டார். அப்புறம் சோழவரம் கதை. சின்ன வயதில் சைக்கிள் மிதித்துப் போய், யுத்த காலத்து விமான ஓடுதளத்தில் ரேஸ் பார்த்தது. "அங்க எவன்டா டைனோ வெச்சிருந்தான்? காதுதான்." காலில் புதுக் கட்டு. அதைப் பார்க்காமல் இருக்க நான் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 10

ஏன் அப்படிச் சொன்னேன்.

ஜூன் 12, வியாழன்

இன்ஜின் குவாடுக்குத் திரும்பிவிட்டது. ஒரே நினைப்பு மண்டையில் சுற்றுகிறது. ஷெட்டில் பத்து நொடி, உடனே விட்டுவிடுவோம். மணலில் முழு முறுக்கு அரை நிமிஷத்துக்கு மேல். சேம்பர் நன்றாகச் சூடேறினால் உள்ளே ஓடும் அலையும் வேகமாகும், பிஸ்டன் தலையும் காயும். டைனோவில் சரியாக இருந்த 130 அங்கே பெட்ரோல் பற்றாமல் போய்விடாதா? "நனைஞ்ச பிஸ்டன்" என்று அவர் சொன்னது இதைத்தானா, இல்லை வெறும் பிடிவாதமா? கேட்கவும் முடியாது. கேட்டால் ஜெட்டை மாற்றியது தெரிந்துவிடும்.

ஜூன் 13

மீஞ்சூர் தாண்டி, தெரிந்தவர் நிலம். 130. நீளமாக ஒரு இழுப்பு, அப்படியே கிளட்ச்சைப் பிடித்து இன்ஜினை அணைத்து, பிளக்கைக் கழற்றினேன். துணியைத் தாண்டி விரல் சுட்டது. பீங்கான் வெள்ளை. காபி நிறம் வர வேண்டிய இடத்தில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளை. பெட்ரோலில் லிட்டருக்கு 30 எம்எல் ஆயில் கலந்திருந்ததால் பிழைத்தது என்று நினைக்கிறேன். இரண்டாவது ரன் போகவில்லை.

மண்ணில் உட்கார்ந்து அந்தத் தாளை எடுத்துப் பார்த்தேன். வியர்வையில் 16.8 பாதி அழிந்திருந்தது.

ஜூன் 14

சித்தப்பாவைத் திங்கள் காலை எட்டு மணிக்கு ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோகிறார்களாம். சித்தி கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

ஜூன் 15, ஞாயிறு

135 போட்டிருக்கிறேன். 140-உம் டப்பாவில் இருக்கிறது. மணி ஆறு. குட்டி யானைக்காரர் இன்னும் வரவில்லை.