நாயிடம் கடிபட்ட கோழியைத் தேற்றியெடுத்தது

பெங்களூரு லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் வளரும் கோழிகளுள் ஒரு பெட்டையைச் சென்ற மழைக்காலத்தில் தெருநாய் ஒன்று கவ்விக்கொண்டது. துரத்தி மீட்டபோது முதுகில் சில இறகுகள் பிய்ந்திருந்தனவே தவிர, பெரிய காயம் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. கோழியும் நின்றுகொண்டுதான் இருந்தது. ஊரில் ஆடு கோழி வளர்த்துப் பழகிய என் மாமியார் அதை நம்பவில்லை. “இறகை விலக்கிப் பாரும்மா, உள்ளேதான் இருக்கும்” என்றார். வரிசை வரிசையாக இறகை விலக்கியபோது, வாலுக்குச் சற்று மேலே தோல் உள்ளங்கை அகலத்துக்குக் கிழிந்து ஒரு பக்கமாக மடிந்திருந்தது; அதன் அடியில் சிவந்த தசை பளபளவென்று தெரிந்தது. இறக்கைக்கு அடியில் பல் இறங்கிய துளைகளும் இருந்தன.

இத்தகைய நிலையில் கை முதலில் மருந்தைத்தான் தேடும். ஆனால் கடிபட்ட கோழி பெரும்பாலும் முதல் சில மணி நேரத்தில் அதிர்ச்சியினால்தான் சாகிறது. அதன் இயல்பான உடல் வெப்பமே ஏறத்தாழ 41 டிகிரி செல்சியஸ் என்பதால், நமக்குச் சாதாரணமாகத் தோன்றும் மழைக்காலக் குளிரும் அடிபட்ட பறவைக்கு அதிகம். அட்டைப்பெட்டியில் பழைய பருத்திப் புடவையை விரித்து, ஒரு மூலையில் மட்டும் குண்டு பல்பின் சூடு படும்படி வைத்து, சூடு மிகுந்தால் கோழி மறுமூலைக்கு நகர இடம் விட்டு, பெட்டியை இருட்டான அறையில் வைத்தோம். மூச்சுக்கு உதவும் தசைத்திரையான உதரவிதானம் நம்மைப் போல் கோழிக்குக் கிடையாது; மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு விட முடியும். ஆகவே துண்டில் சுற்றிப் பிடிக்கும்போது மார்பை இறுக்கவில்லை. வெல்லம் கரைத்த நீரில் அலகின் நுனியை மட்டும் நனைத்தோம்; மூச்சுக்குழலின் வாய் நாக்கின் பின்பகுதியிலேயே திறந்திருப்பதால், வாய்க்குள் ஊற்றினால் நீர் நுரையீரலுக்குப் போய்விடும்.

கோழி சற்றுத் தெளிந்த பின்னரே காயத்தைக் கழுவத் தொடங்கினோம். நாயின் எச்சில் பட்ட இறகுகள் என்பதால் கையுறை போட்டுக்கொண்டேன். காயத்தைச் சுற்றியுள்ள இறகுகளைப் பிடுங்காமல் கத்தரித்தேன். கோழியின் தோல் மிக மெல்லியது, பிடுங்கினால் கிழிசல் இன்னும் நீளும். மருந்துக்கடையில் வாங்கிய சலைன் பாட்டிலை வெந்நீரில் வைத்து வெதுவெதுப்பாக்கி, ஊசி இல்லாத சிரிஞ்சினால் மடிந்த தோலின் அடியில் பீய்ச்சியபோது, மண்ணும் இறகுத் துணுக்குகளும் ஒரு வைக்கோல் துண்டும் வெளியே வந்தன. சலைன் கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் கொதித்தாறிய நீரில் 9 கிராம் உப்பு கரைத்தால் போதும். துளைகளுக்குள் மட்டும் பீய்ச்சவில்லை. பறவையின் உடலுக்குள் காற்றறைகள் பரவியிருப்பதால், ஆழம் தெரியாத துளைக்குள் விடும் நீர் அவற்றில் இறங்கி மூச்சை அடைத்துவிடலாம்.

கழுவிய இடத்தில் பொவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினியை வெளிறிய தேநீர் நிறத்துக்கு நீர்க்கச் செய்து தடவினோம். மஞ்சள்தூளை அப்பலாம் என்று மாமியார் சொன்னார். தூள் காய்ந்து பொருக்குக் கட்டினால் அடியில் என்ன நடக்கிறது என்பதே தெரியாமல் போகும் என்று சொன்னபோது அரை மனதோடு ஒப்புக்கொண்டார்.

மறுநாள் காலை ஹெப்பாளில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஆட்டோவில் எடுத்துச் சென்றோம். எங்கள் கோழி கிரிராஜா இனம். அந்த இனமே ஹெப்பாளில் உருவாக்கப்பட்டதுதான் என்பதால், ஒரு வகையில் பிறந்த வீட்டுக்கே அழைத்துப் போயிருக்கிறோம். நாய்வாய் பட்ட காயத்தைத் தைத்து மூடினால் கிருமியையும் சேர்த்து மூடியதாகிவிடும், திறந்தே விட்டு அடியிலிருந்து சதை வளர விடவேண்டும் என்று மருத்துவர் விளக்கினார். எடைக்கு ஏற்ற அளவில் ஒரு நுண்ணுயிர்க்கொல்லியும், வலிக்கு மெலாக்சிகமும் எழுதிக் கொடுத்தார். வீட்டில் இருக்கும் வலி மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கக் கூடாது என்று அவர் கண்டிப்பாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து கொடுக்கப்பட்ட மாடுகளின் சடலத்தைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கூட்டம் கூட்டமாக மடிந்ததால்தான் 2006இல் அதைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்துவது இந்தியாவில் தடை செய்யப்பட்டது.

அடுத்து வந்த நாட்களில் எங்களைக் கலங்க வைத்தவை இரண்டு. காயத்தைச் சுற்றித் தோல் பச்சை நிறமாக மாறியது. அழுகத் தொடங்கிவிட்டது என்றே வீட்டில் எல்லோரும் நினைத்தோம். உண்மையில் அது வெறும் கன்றிப்போன இரத்தம். நம் உடலில் இரத்தக்கட்டு பச்சையாகிப் பிறகு மஞ்சளாக மாறுகிறது. பச்சை நிறமியை மஞ்சளாக்கும் நொதி கோழிக்கு இல்லாததால் அது பச்சையோடு நின்றுவிடுகிறது. நாற்றமும் கருமையும் சேர்ந்தால்தான் அழுகல். இன்னொன்று, துளையின் வாயில் மஞ்சளாகக் கெட்டியாக ஏதோ திரண்டிருந்தது. கோழியின் சீழ் நம்முடையதைப் போல வழியாது, கட்டியாகத்தான் உறையும். அது தானாக வடியும் என்று காத்திருப்பதில் பயனில்லை. மருத்துவரே அதை எடுத்துவிட்டார்.

உண்மையான எதிரி ஈதான். ஈரமான பருவத்தில், திறந்த காயத்தில் ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வைத்துவிடும். கூண்டின் மேல் கொசுவலையைப் போர்த்தி, எச்சத்தை உடனுக்குடன் அள்ளி, காலையும் மாலையும் டார்ச் அடித்து மடிப்புகளுக்குள் பார்ப்பதே எனக்கு முழுநேர வேலையாயிற்று. அவித்த முட்டை, கம்பு, தயிர் பிசைந்த சோறு ஆகியவற்றைக் கொடுத்தோம். தீனிப்பை நிறைந்திருக்கிறதா என்று இரவில் தடவிப் பார்ப்பேன்.

“ஏன்க்கா இவ்ளோ பாடு? அறுத்துக் குழம்பு வச்சிருக்கலாமே!” என்று பக்கத்து வீட்டுப் பெண் கேட்டாள். மருந்து உடம்பில் இருக்கும்போது இறைச்சியும் ஆகாது, முட்டையும் ஆகாது. மருத்துவர் சொன்ன கெடு முடியும் வரை அது இட்ட முட்டைகளைக் குழி தோண்டிப் புதைத்தோம்.

சிவந்த சதை மேலெழும்பி, ஓரத்துத் தோல் நாளுக்கு நாள் உள்நோக்கி இழுபட்டுக் காயம் மூடியது. சிவப்பைக் கண்டால் மற்ற கோழிகள் கொத்திக் குடைந்துவிடும் என்பதால், பொருக்கு முழுவதும் உதிர்ந்த பிறகே கம்பிவலைக்கு இப்பால் சில நாள் வைத்து, பிறகு ஓர் இரவில் மற்றவை அடைந்திருந்த கட்டையிலேயே ஏற்றிவிட்டோம். நாய் வேரோடு பிய்த்த இடத்தில் புதிய இறகுகள் முதலில் முளைத்துவிட்டன. நான் கத்தரித்த இறகுகளின் அடிக்கட்டைகள் அடுத்த இறகுதிர்ப்புக் காலம் வரை அப்படியேதான் இருக்கும். அதுவரை சேவலைத் தனியாக அடைக்கிறோம். இறகில்லாத முதுகில் அதன் நகம் பட்டால் புதுத்தோல் மறுபடியும் கிழிந்துவிடும்.